கோப்பிக் கடையில் ஒன்றுவிட்ட சொந்தங்கள்

கும்பகோணத்திலிருந்து முதுகலை படிக்க வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிங்கப்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது. விடுதி ஜூரோங் பக்கம். பகலில் வகுப்பு, ஆய்வுக்கூடம், ராத்திரி அறை. சனிக்கிழமையானால் ஒரு மணி நேரம் பேருந்தும் ரயிலும் ஏறி தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போய் தோசை சாப்பிடுகிறார். திரும்பி வரும்போது, போகும்போது இருந்ததைவிட மனசு இன்னும் சோர்ந்துவிடுகிறதாம். முட்டை வரைக்கும் சாப்பிடுவார், மீனும் இறைச்சியும் கிடையாது. கையில் காசும் அளவுதான். "இந்த ஊரில் சின்னதாகவாவது சந்தோஷப்பட என்ன இருக்கிறது, என்ன சாப்பிடலாம்?" என்பது கேள்வி. கடைசியில் டுரியான் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தத் தோசைப் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். தேக்காவில் தோசை ஒன்றும் மோசமில்லை, தம்பி. சிராங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் நடக்கிறது. ஆனந்த பவன் அதைவிடப் பழையது, 1924. தலைமுறை தலைமுறையாக மாவு அரைப்பவர்களுக்குத் தோசை வார்க்கத் தெரியாமலா இருக்கும்? நீங்கள் தேடிப் போவது தோசையை அல்ல, அம்மா கல்லிலிருந்து எடுத்து நேராகத் தட்டில் போடும் அந்த நிமிஷத்தை. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. நான் 2008இல் மன்னார்குடியிலிருந்து படிக்க வந்தபோது முதல் ஒரு வருஷம் இதே வேலையைத்தான் செய்தேன். ஒவ்வொரு வாரமும் போவது, சாம்பாரில் குறை கண்டுபிடிப்பது, அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவது. இதற்காக மாதம் நாற்பது ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) செலவழித்தேன் என்பதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அதனால் அசலைத் தேடாதீர்கள். அதன் ஒன்றுவிட்ட சொந்தங்களைத் தேடுங்கள். அரிசி, தேங்காய், கருப்பட்டி, கடலை, புளி, இஞ்சி என்று நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் அத்தனையும் இந்த ஊரில் வேறு பெயரில், வேறு உருவத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கல்யாண வீட்டில் முன்பின் பார்த்திராத ஒரு சித்தப்பாவைப் பார்த்தால் மூக்கு மட்டும் தாத்தா மாதிரி இருக்குமே, அந்த மாதிரி. அவரிடம் தாத்தாவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சித்தப்பாவாகப் பார்த்தால் நன்றாகப் பேசுவார்.

காபியிலிருந்து ஆரம்பிக்கலாம். கும்பகோணத்துக்காரரிடம் போய்க் காபி பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். இங்கே கிடைப்பது காபி இல்லை, கோப்பி. உங்கள் ஊர் டிகிரி காபியோடு ஒப்பிட்டுப் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள். அதன் பிறப்பே வேறு. கொட்டை பெரும்பாலும் ரோபஸ்டா. வறுக்கும்போதே சர்க்கரையும் வெண்ணெயோ மார்ஜரினோ சேர்ப்பார்கள். கொட்டையின் மேல் பாகு கருகிப் படிந்து கன்னங்கரேலென்று வரும். நாம் சிக்கரி போட்டுக் கொண்டுவருகிற கனத்தை இவர்கள் கருகிய சர்க்கரையில் கொண்டுவருகிறார்கள்.

ஒருநாள் அவசரமில்லாமல் கோப்பிக் கடை முன்னால் நின்று கவனியுங்கள். நீண்ட மூக்கு வைத்த பாத்திரத்துக்குள் காலுறை மாதிரி ஒரு துணி வடிகட்டி தொங்கும். தூளின் மேல் கொதிநீரை விட்டு, அந்தத் துணியை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி இறக்குவார்கள். தடித்த பீங்கான் கோப்பையைச் சுடுநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, அடியில் கெட்டிப்பால் விட்டு, மேலே கறுப்பாக டிகாஷன், அப்புறம் கொஞ்சம் சுடுநீர். கலக்காமல் கொடுத்தால் அடியில் வெள்ளை, மேலே கறுப்பு என்று இரண்டு பட்டையாக நிற்கும். கரண்டியை அடிவரை விட்டுக் கிளற வேண்டியது உங்கள் வேலை.

இனி கேட்கும் முறை. வெறுமனே "கோப்பி" என்றால் கெட்டிப்பால் விட்டுத் தித்திப்பாக வரும். "கோப்பி ஓ" என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத டின் பால், சர்க்கரை தனியாக. "கோசோங்" சேர்த்தால் சர்க்கரையே கிடையாது. "சியூ தாய்" இனிப்பைக் குறைக்கச் சொல்வது, "காவ்" கெட்டியாக, "போ" லேசாக, "பெங்" ஐஸ் போட்டு. ஓ என்பது ஹொக்கியன் என்ற சீன மொழியில் கறுப்பு, கோசோங் மலாயில் காலி, சியூ தாய் இன்னொரு சீன மொழி. ஒரு கோப்பைக்குள் மூன்று மொழி. தேநீருக்கு "தே" என்பார்கள். அந்நியச் சொல் என்று நினைக்காதீர்கள், நம் தேயிலையின் "தே"யும் அதே ஹொக்கியன் குடும்பத்துப் பிள்ளைதான். உங்கள் நாக்குக்கு என் சிபாரிசு "கோப்பி சி காவ் சியூ தாய்". இனிப்பு மட்டுப்பட்டு, கசப்பு தூக்கலாக, நம் டிகாஷனுக்குக் கிட்டத்தில் வரும். கிட்டத்தில்தான், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இந்தப் பதிலிலேயே முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒரு கடையைப் பிடியுங்கள். ஒரே கடை, ஒரே நேரம், ஒரே கோப்பி. "எல்லாவற்றையும் ஒருமுறை ருசி பாருங்கள்" என்று சொல்பவர்கள் மூன்று நாள் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்கிறார்கள். நீங்கள் இங்கே குடியிருக்கிறீர்கள். எனக்கு விடுதிக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு கோப்பிக் கடை இருந்தது. காலை ஏழரை மணிக்குப் போவேன். முதல் வாரம் அந்த ஆன்டி என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. "வாட் யூ வான்ட்?" என்று அதட்டலாகக் கேட்பார். எனக்குக் கோபமாக வரும். மூன்றாவது வாரம் நான் வரிசையில் நிற்கும்போதே கோப்பையில் பால் விட்டு வைத்திருந்தார். அப்புறம் காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. மறுநாள் போனதும், "எஸ்டர்டே நோ கம், ஆ?" என்றார், அதே அதட்டல் குரலில். நான் வராததைக் கவனித்த முதல் ஆள் அவர்தான், என் வகுப்பில்கூட யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு இந்த ஊரில் ஒரு முகவரி கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு கோப்பி இன்றைக்கும் ஒன்றரை வெள்ளியை ஒட்டித்தான். மாதம் நாற்பத்தைந்து வெள்ளி. தேக்கா போகிற செலவை இதற்குத் திருப்பிவிடுங்கள்.

பெரியவர்கள் யாராக இருந்தாலும் அங்கிள், ஆன்டி என்றே கூப்பிடுங்கள், சீனரோ மலாய்க்காரரோ. சார், மேடம் என்றால் விநோதமாகப் பார்ப்பார்கள். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்துவிடாதீர்கள், அது துண்டு போட்டு இடம் பிடிக்கிற நம் பேருந்து வித்தைதான், பெயர் "சோப்". சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் (சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம்) இதைக் கண்டிப்பாக்கிவிட்டார்கள். ஹலால் தட்டுக்கு ஒரு அடுக்கு, மற்றதற்கு இன்னொன்று. அதைப் பார்த்து வையுங்கள்.

சரி, சைவம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். காய்கறி மட்டும் தெரிகிற தட்டை நம்பாதீர்கள். கங்கோங் கீரை வதக்கலில் பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பலில் நெத்திலியோ பெலாச்சானோ கலந்திருக்கும். லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பின் மசாலாவில் காய்ந்த இறால். சீனக் கடைப் பொரியல் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு. "நோ மீட்" என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம் கேட்டது அதைத்தான். நான் வந்த புதிதில் பலகையில் கேரட் கேக் என்று பார்த்து, மாலை நேரம் ஆயிற்றே, இனிப்பாக ஏதாவது சாப்பிடலாம் என்று ஒன்று வாங்கினேன். முட்டையும் பூண்டும் போட்டுப் புரட்டிய வெள்ளைத் துண்டுகள் வந்தன. கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து, வெட்டி வதக்கியது. முள்ளங்கியைச் சீனத்தில் வெள்ளைக் கேரட் என்பதுபோல் சொல்வதால் வந்த பெயராம். அதிலும் எண்ணெய் என்ன எண்ணெய் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு வழி சீன சைவக் கடைகள். பெரும்பாலான உணவங்காடி நிலையங்களில் ஒன்று இருக்கும், பல்கலைக்கழக உணவகங்களிலும் உண்டு. பௌத்த முறைப்படி நடத்துகிற கடைகள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. என் பாட்டி இந்த ஊருக்கு வந்திருந்தால் ஆசாரம் கெடாமல் சாப்பிட்டிருக்கக்கூடிய ஒரே இடம் சீனர் கடை என்பதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். காலையில் சைவ பீஹூன் கேளுங்கள். அரிசிச் சேவையை வதக்கி, மேலே முட்டைக்கோஸ், பொரித்த சோயாப்பால் ஆடை, கொஞ்சம் மிளகாய் விழுது. நம் சேவை தாளிப்பதற்கு நேர் சித்தி மகள். மதியம் சோற்றோடு இரண்டு மூன்று காய்களை விரலால் காட்டி வாங்குகிற கலவைச் சோறு. நான்கு வெள்ளியைச் சுற்றி வயிறு நிறையும், வளாகத்துக்குள் இன்னும் குறைவாகவே இருக்கலாம். தட்டில் கோழி, மீன் மாதிரி ஏதாவது தெரிந்தால் பதறாதீர்கள், சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த வேஷம். எனக்கு அந்த வேஷம் பிடிப்பதில்லை, கத்தரிக்காயும் தோஃபுவுமே போதும்.

இன்னொரு வேடிக்கை கவனித்திருக்கிறீர்களா? சில நாள் மட்டும் இந்தச் சைவக் கடைகளில் வரிசை வாசல் தாண்டும். சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும். பௌத்தர்கள் பலர் அன்றைக்கு இறைச்சி தொடமாட்டார்கள். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாள்கள்தான். அம்மா போனில் "இன்னிக்கு அமாவாசைடா" என்று சொன்னால், அன்றைக்கோ மறுநாளோ சீக்கிரமே போய் நில்லுங்கள்.

தயங்காமல் ஒருமுறை சாப்பிட வேண்டியது ஹக்கா சீனர்களின் லெய் சா. சோற்றின் மேல் பொடியாக நறுக்கிய கீரைகள், காராமணிக்காய், தோஃபு, வறுத்த கடலை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சை நிறத்தில் சாறு, தேயிலையும் துளசி வகை இலைகளும் புதினாவும் எள்ளும் அரைத்து விட்டது. முதல் வாய் கசாயம்தான். மூன்றாவது வாயில் பிடிபடும். கருவாட்டுப்பொடி, நெத்திலி போடுகிற கடைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இனிப்புப் பக்கம் வந்தால் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புட்டு பிரிங் என்று மலாய்க்காரர்கள் செய்வது. பெயரிலேயே நம் புட்டு உட்கார்ந்திருக்கிறது. ஹைக் ரோடு உணவங்காடி நிலையத்தில் முதல்முறை பார்த்தேன். உள்ளங்கை அகலத் தகரத் தட்டில் ஈர அரிசி மாவைச் சலித்துத் தூவுகிறார்கள், நடுவே ஒரு விரல் குழி, அதில் குலா மலாக்கா, மேலே மறுபடி மாவு. வெள்ளைத் துணியைச் சுற்றி, ஆவி வரும் துளைமேல் கவிழ்த்து, கூம்பு மூடியால் மூடுகிறார்கள். சில நிமிஷம்தான். பாண்டான் இலைத் துண்டின்மேல் வைத்து, உப்புப் போட்ட தேங்காய்த் துருவலோடு தருகிறார்கள். ஊதிக்கொண்டே கடித்தால் உள்ளே உருகிய குலா மலாக்கா நாக்கைச் சுடும். அது தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிய வெல்லம். நம் கருப்பட்டி பனையில் பிறந்தது, இது தென்னையில் பிறந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே உப்பு, உள்ளே இனிப்பு. என் ஆச்சி செய்யும் குழாய்ப்புட்டு நினைவுக்கு வந்தது. ஆனால் அழுகை வரவில்லை, இன்னும் நான்கு வாங்கினேன். தோசை செய்யாததை இது ஏன் செய்தது என்று கேட்டால், தோசையை நான் மார்க் போட உட்கார்ந்தேன், இதற்கு மார்க் போட என்னிடம் பழைய கணக்கு எதுவும் இல்லை.

மற்ற சொந்தங்களை வேகமாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். பிசாங் கோரெங் நம் வாழைப்பழ பஜ்ஜி. பாண்டுங் என்பது ரோஸ் மில்க், பெயர்தான் இந்தோனேசிய ஊர் மாதிரி. தே ஹாலியா இஞ்சி டீ. பிராட்டா நம் பரோட்டாவின் மெலிந்த தம்பி. மீன் குழம்போ ஆட்டுக் குழம்போ ஊற்றிவிடுவார்கள், முன்கூட்டியே "பருப்பு மட்டும்" என்று சொல்லுங்கள், தமிழ் முஸ்லிம் கடைகளில் தமிழிலேயே சொல்லலாம். அங்கே வெறும் பிராட்டாவுக்குப் பெயர் கோசோங், கோப்பியில் படித்த அதே சொல். இந்திய ரோஜாக் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, உருளை, தோஃபு, தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி), முட்டை எல்லாம் அடுக்கியிருப்பார்கள். காட்டியதை வெட்டி, இனிப்பும் காரமுமான சிவப்புச் சாற்றோடு தருவார்கள். நம்மூர்த் தமிழ் முஸ்லிம்கள் இங்கே வந்து உருவாக்கியது, தமிழ்நாட்டில் தேடினாலும் கிடைக்காது. இறால் பதித்துப் பொரித்த மாவுத் துண்டுகளும் அதே பெட்டியில் இருக்கும், பார்த்துக் காட்டுங்கள்.

அம்மா கொடுத்தனுப்பிய பொடிகளை என்ன செய்தீர்கள்? அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் உடனே வெளியே எடுங்கள். என்னுடையதை நான் பத்திரப்படுத்திப் பத்திரப்படுத்தியே வண்டு வைக்க விட்டேன். ஈரச்சந்தையில் கெட்டித் தோஃபு வாங்குங்கள், தௌ குவா என்று கேட்டால் தருவார்கள். விடுதியில் சமையல் அனுமதி இருந்தால் துண்டு போட்டு நல்லெண்ணெயில் சிவக்க வைத்து, இட்லி மிளகாய்ப்பொடியில் புரட்டுங்கள். எங்கள் தளத்தில் வியட்நாமியப் பெண்ணும் ஹைநானிலிருந்து வந்த ஒரு பையனும் இதற்காகவே என் கதவைத் தட்டுவார்கள். பதிலுக்கு அந்தப் பையன் ஊரிலிருந்து வந்த தேங்காய் மிட்டாய் கொடுப்பான். நட்பு என்று நாங்கள் யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, பொடி தீர்ந்தபோது மூன்று பேரும் சேர்ந்து வருத்தப்பட்டோம்.

தேக்காவுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வெளிநாட்டு ஊழியர்கள் பலருக்கு அது ஒன்றுதான் விடுமுறை, அவர்கள் நண்பர்களைப் பார்க்கிற நாள், இடமும் அவர்களுக்கே போதாது. வகுப்பு இல்லாத வேலைநாள் காலையில் போங்கள், சாப்பிட அல்ல, சந்தைக்கு. கீழ்த்தளத்துக் காய்கறிக் கடையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாக வரும். எனக்குத் தக்காளி நிறுத்துப் போடும் சீன அங்கிள் தமிழில்தான் விலை சொல்வார், நான் பேரம் பேசினால் "கட்டாதும்மா" என்பார். அதைக் கேட்பதற்காகவே தேவையில்லாமல் பேரம் பேசியிருக்கிறேன்.

அப்படியே பூகிஸ் பக்கம் நடந்து வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு வந்துவிடுங்கள். கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலும் 1870இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குவான் யின்னைக் கும்பிட்டுவிட்டு வருகிற சீனப் பாட்டிகள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கண்ணை மூடி நிற்பார்கள். காசில்லாமல் கிடைக்கிற காட்சி, எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. அந்த வட்டாரத்தில் சைவக் கடைகளும் நிறைய.

காசில்லாத சந்தோஷம் இன்னும் உண்டு. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்குகள், குளிர்ச்சி இலவசம். உங்கள் பக்கத்திலேயே ஜூரோங் ஏரித் தோட்டம். விடிகாலையில் போனால் உடும்பு கட்டாயம் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனை மென்றுகொண்டு கரையேறும். தீபாவளிக்கு இங்கே அரசு விடுமுறை, பொங்கலுக்கு இல்லை. அதற்கு முன்கூட்டியே மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள், பேராசிரியரிடம் தேதியைச் சொல்லியும் வையுங்கள்.

டுரியான் கேட்டீர்கள். பெரிய வரத்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. முழுப் பழம் வாங்காதீர்கள், பெட்டியில் இரண்டு சுளை விற்பார்கள், அங்கேயே பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு சாப்பிடுங்கள். எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாது, விடுதிக்குக் கொண்டுபோனால் தளம் முழுக்க உங்களைத் தேடி வரும். தனியாகப் போகாமல், அதற்குள் பழக்கமாகியிருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மிச்சத்தைச் சாப்பிட ஆள் வேண்டும். நான் வந்து இத்தனை வருஷத்தில் நான்கு முறை முயன்றுவிட்டேன், எனக்கு இன்னும் பலாப்பழம்தான்.